சத்தியம் வாங்கியவள் முந்தினாள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கையை என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து முர்னி எழுதுவது. உங்கள் இடுப்புவலி குறைந்ததா? நான் நலம். முழங்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பயப்படாதீர்கள், மாடிப்படி ஏறுகிறேன்.

நானும் பக்கத்து வீட்டில் வேலைசெய்யும் யாத்மியும் ஞாயிறு விடுப்பில் பூங்காவில் ஓடிப் பழகுவதாகச் சொன்னேனே. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒருத்தியை ஒருத்தி முந்தக் கூடாது என்று அவள்தான் சத்தியம் வாங்கினாள். மூன்றாவது வாரம் ஒரு நிமிடம் ஓடியதும் நான் நடைக்கு மாறினேன். அவள் ஓடிக்கொண்டே போனாள். தினமும் காலையில் தன் முதலாளியம்மாவின் நாயோடு எனக்குத் தெரியாமல் ஓடிப் பழகினாளாம், ஓடிக்கொண்டே சொல்கிறாள்!

"ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"உன்னோட நடந்துக்கிட்டே இருந்தா நான் எப்பதான்டி ஓடறது?" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆத்திரத்தில் நடையை மறந்து துரத்தினேன். மூன்றாவது விளக்குக் கம்பத்தருகே முழங்கால் மடங்கிவிட்டது. புல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை. இனி என் மூச்சுக்குத் தக்கபடி தனியாக ஓடிக்கொள்வேன்.

வியர்வையோடு காற்றுப் பட்டதில் உடம்பெல்லாம் வலி. இங்கே வருகிறவர்களிடம் நம் ஜாவாத் தைலம் கொடுத்தனுப்புங்கள். டெம்பே சோயா வறுவல் அவளுக்கும் சேர்த்து இரண்டு வேண்டாம், இனி ஒரு பொட்டலம் போதும். முதலாளி வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உடம்பில் புகுந்த காற்று இறங்க, தைலம் தடவி முதுகில் நாணயத்தால் தேய்த்துவிடுவது இதுவரை யாத்மிதான். நேற்று நானே தேய்த்துப் பார்த்தேன் அம்மா, கை எட்டவில்லை.

முர்னி