ஈரம் பார்க்கும் மிஷினும் பெல்ஜியம் பியரும்

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் தூறல். பத்து மணிக்கு நின்றது. பதினொன்றுக்கு மறுபடி.

கொள்முதல் நிலையத்தில் (இனி கொ.நி. முழுப் பெயரை எழுத எனக்குப் பொறுமை இல்லை) எங்கள் குறுவை நெல்லுக்கு இன்று ஒன்பதாம் நாள். திறந்த வெளியில் குவியல், மேலே படுதா. படுதாவில் இரண்டு கிழிசல். டோக்கன் 41. நேற்று ஓடியது 23. இன்றும் அதே 23-இல் நிற்கிறது.

மதியம் பில் கிளார்க் ஒரு பிடி நெல்லை அள்ளி ஈரம் பார்க்கும் மிஷினில் போட்டார். 19.2. பதினேழுக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள்.

"காய வெச்சுட்டு வாங்க."

"எங்க சார் காய வெக்கிறது?" என்றார் அப்பா.

"வெயில்லதான்."

அண்ணாந்து பார்த்தேன். வெயில் இருந்த இடத்தில் ஒரு மேகம், எருமை படுத்திருப்பதுபோல்.

வாங்க வேண்டியவை: படுதா (திருக்காட்டுப்பள்ளி), கொசுவத்தி, அம்மாவுக்கு நோன்புச் சாமான். சண்டை போட வேண்டியவர்கள்: இடம் போதாது.

அக்டோபர் 18, சனி

செந்தில் அத்தான் தீபாவளிக்கு வந்துவிட்டார். அத்தை மகன். பெல்ஜியத்தில் துறைமுகக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் இன்ஜினியர். இன்ஜினியரிங் படித்த நான் நெல்லுக்குக் காவல்.

அம்மாவுக்கு சாக்லேட். அப்பாவுக்கு டார்ச். எனக்கு, அம்மா அந்தப் பக்கம் போனதும், பைக்குள்ளிருந்து ஒரு கனத்த பாட்டில். கார்க் அடைத்து மேலே கம்பி முறுக்கியிருந்தது.

"பியர் மாதிரிதான்டா. ஏல்னு பேரு. மடத்துல சாமியாருங்க காய்ச்சுறது."

அப்பா எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "மடத்துலயா?"

"ஆமா மாமா. விடியக்காலம் மூணு மணிக்கே எந்திரிச்சு ஜபம் பண்ணுவாங்க. அப்பறம் அடுப்பு மூட்டுவாங்க."

"சிவ சிவா. நம்ம மடத்துல விபூதிதான் குடுப்பாங்க."

நாங்கள் உழுவதும் ஒரு மடத்து நிலத்தைத்தான், குத்தகைக்கு. எந்த மடம் உசத்தி என்று என்னை யாரும் கேட்காதவரை நல்லது.

அத்தான் சொன்னதில் எனக்குப் பிடித்தவை: மடத்துச் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவார்களாம். உலகமே கேட்டாலும் ஒரு அண்டா கூடுதலாக ஏற்ற மாட்டார்களாம். கடையில் கிடைக்காது. போன் போட வேண்டும், இரண்டு நாள் லைன் கிடைக்காது, கிடைத்தால் தேதியும் நேரமும் சொல்வார்கள், அந்த நேரத்துக்கு மடத்து வாசலில் நிற்க வேண்டும்.

அங்கே வாங்குகிறவனுக்கு டோக்கன். இங்கே விற்கிறவனுக்கு.

அம்மா பார்த்துவிட்டாள். "நோன்பு வீட்டுல இந்தக் கருமம் இருந்தா நான் கெளம்பி எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்." போக மாட்டாள். ஆனாலும் பாட்டில் வெளியேற வேண்டியதாயிற்று.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அதக் குடிச்சிடாத. பில் கிளார்க்குக்குக் குடுப்போம். பாரின் சரக்கு. டோக்கன் முன்னாடி நவுரும்."

லஞ்சம் கொடுப்பதைப் பற்றி என் கருத்தைச் சொன்னேன். கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "ஒங் கொள்கைய வெச்சு நெல்ல மூட முடியுமாடா? படுதாவே கிழிஞ்சிருக்கு."

பாட்டிலை நெல் குவியலுக்குள் முழங்கை ஆழத்துக்குச் செருகிவைத்தேன். யாரும் பார்க்கவில்லை. உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மழை. எண்ணெய்க் குளியல். இட்லி, கறிக்குழம்பு (நோன்பு நாளைக்குத்தான்). வெடி நமுத்துப்போய்விட்டது. கொ.நி. இன்றும் நாளையும் விடுமுறை. மழைக்கு விடுமுறை இல்லை.

அத்தானோடு போய்ப் படுதாவைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் தண்ணீர் ஏறிய இடத்தில் நெல் முளைத்திருக்கிறது. வெள்ளையாக, பல் முளைத்ததுபோல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எட்டி உதைத்தேன். கால் விரல் இன்னும் வலிக்கிறது.

அத்தான் ஒரு நெல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "இதத்தான்டா அங்க வேணும்னே பண்றாங்க."

"எத?"

"பார்லிய ஊற வெச்சு முளைக்க விட்டு, சூட்டுல காய வெப்பாங்க. அப்பத்தான் இனிப்பு ஏறும். அப்பறம்தான் காய்ச்சுறது. முளைக்கலன்னா ஏல் கெடையாது."

அங்கே தானியம் முளைத்தால் மடத்துக்கே கூரை நிற்கிறது. இங்கே முளைத்தால் "கழிவு, அள்ளிட்டுப் போங்க." ஒரே காரியம். அவர்கள் அதைக் கூரைக்குக் கீழே செய்கிறார்கள். நாங்கள் செய்வது கொ.நி. வாசலில், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அக்டோபர் 22, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். கை இன்னும் பிசுபிசுக்கிறது.

காலை: மேகம். கொ.நி. திறந்தது. குவியலுக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்தேன். சுடுகிறது. காய்ச்சல்காரன் நெற்றிபோல. ஈர நெல் குவிந்துகிடந்தால் உள்ளே புழுங்கிச் சூடாகும். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. இன்ஜினியரிங்.

அத்தான் சொல்லியிருந்தார்: ஜில்லென்று வைக்க வேண்டும், ஆட்டக் கூடாது, உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நாலு நாள் உயிரோடு வெந்திருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பாட்டிலைப் பிடுங்கித் துண்டில் சுற்றி, வேகமாக நடந்து (ஆட்டக் கூடாது!) கிளார்க் மேஜையில் வைத்தார்.

"என்ன பெரியவரே இது?"

"தீபாவளிங்க. பெல்ஜியம்ங்க."

"சார், இப்ப தெறக்காதீங்க" என்றேன்.

"தெறக்கல தம்பி. கம்பிய மட்டும் பாக்கறேன்." மிஷினுக்குப் பக்கத்தில் வைத்து, சாவகாசமாகக் கம்பியின் முறுக்கை அவிழ்த்தார்.

டமார். கார்க் தகரக் கூரையில் அடித்து சாக்குக் கட்டின்மேல் விழுந்தது. வெளியிலிருந்து ஒரு குரல்: "தீபாவளி முடிஞ்சும் எவன்டா வெடிக்கிறது?" நுரை நுரையாக வந்தது. மேஜை, பதிவேடு, கிளார்க் சட்டை, மிஷின். மிஷின் முதலில் 88.8 காட்டியது. பிறகு ஒரு கோடு. பிறகு ஒன்றும் இல்லை.

மூட்டை தூக்குகிற ஒருவர் எட்டிப் பார்த்தார். "மிஷினுக்கே போதை ஏறிடுச்சு."

புது மிஷின் தஞ்சாவூரிலிருந்து வந்தாக வேண்டும். அதுவரை கொள்முதல் நிறுத்தம். களம் முழுக்க என்னையே பார்த்தது. டோக்கன் 24 தனம் அக்கா. அடுத்த முறை அவளுடையது. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏன் தம்பி, லஞ்சம் குடுக்கறதயாவது ஒழுங்காக் குடுக்கக் கூடாதா?"

பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம், சேற்று நிறத்தில். கிளார்க் சட்டையைப் பிழிந்துகொண்டே கொட்டகைக்குப் பின்னால் போய் மூன்று டீ கிளாஸில் ஊற்றினார். அவருக்கு, அப்பாவுக்கு, எனக்கு. இதற்குமேல் என்ன கொள்கை? குடித்தேன்.

சுவை: முதலில் தீய்ந்த வெல்லப் பாகு. அப்புறம் கிராம்பு. அப்புறம் கனிந்து கறுத்த வாழைப்பழம். கடைசியில் நாக்கின் ஓரத்தில் நீராகாரப் புளிப்பு. சூடாக இருந்தும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அப்பா: "பஞ்சாமிர்தம் கெட்டுப்போன மாதிரி இருக்கு." கிளாஸைக் காலி செய்துவிட்டுத்தான் சொன்னார்.

கிளார்க்: "இதுக்கா கடல் தாண்டி வந்துச்சு?"

"சார், இது முளைச்ச தானியத்துல செஞ்சது" என்றேன். நன்றாக உறைக்கட்டும் என்று.

அவர் கிளாஸைப் பார்த்தார். எங்கள் குவியலைப் பார்த்தார். "அப்ப ஒங்க நெல்ல பெல்ஜியத்துக்கே அனுப்பிடுங்க."

அவரும் அப்பாவும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்காக வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் மழை. அரை மணி நேரம்.

அக்டோபர் 23, வியாழன்

மேகம். வெயில் என்று சொல்ல எதுவும் இல்லை.

பதினொரு மணிக்குத் தஞ்சாவூர் ஜீப். புது மிஷின், உறைகூடப் பிரிக்காதது. தனம் அக்கா நெல்: 16.4. அவளுக்கு வெள்ளிக்கிழமை 18.8 சொன்னார்கள். அடுத்த ஆள் 16.7. அடுத்தது 16.5. களத்தில் ஒரேயடியாகச் சத்தம்.

மதியம் மூன்றரைக்கு எங்களுடையது. அப்பா மிஷினைப் பார்க்காமல் திரும்பி நின்றார். 16.9.

நேற்று மழையில் நனைந்த நெல்! பழைய மிஷின் இத்தனை நாளாகப் பொய் சொல்லியிருக்கிறது. கிளார்க்கிடம் சண்டைக்குப் போனேன்.

"தெரியும் தம்பி. மாத்தச் சொல்லி நாலு தடவ எழுதிட்டேன். ஓடுற மிஷின மாத்த மாட்டாங்களாம். ஓடாமப் போனா எழுதுங்கன்னாங்க."

அவரும் சீசனுக்கு மட்டும் வேலைக்கு வந்தவர். சாக்குக் கட்டின்மேல்தான் தூங்குகிறார். நேற்றைய சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. காயவில்லை.

இதை எழுதும்போது தோன்றுகிறது: அவ்வளவு பெரிய மேஜையில் பாட்டிலை ஏன் மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கம்பியை அவிழ்த்தார்? கேட்கப் போவதில்லை. தனம் அக்கா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். "அடுத்த போகத்துக்கும் ஒரு பாட்டில் சொல்லி வெய்யி."

அக்டோபர் 24, வெள்ளி

நல்ல வெயில். நன்றி, ரொம்ப சீக்கிரம்.

எங்கள் மூட்டைகள் லாரி ஏறின. அடியில் முளைத்ததைத் தள்ளிவிட்டார்கள். இரண்டரை மூட்டை. டி.வி.எஸ். பின்னால் கட்டிக்கொண்டு வந்தோம். அம்மா பிரித்துப் பார்த்து, "மாடுகூட மோந்துட்டுப் போயிடும்" என்றாள்.

அத்தான் இன்று பெல்ஜியத்துக்குக் கிளம்புகிறார். எல்லோரும் வாசலில். அம்மா முறுக்கு டப்பாவை நாலாவது தடவையாகப் பெட்டிக்குள் அமுக்குகிறாள். அப்பா மட்டும் மூட்டைப் பக்கத்தில் குந்தி, ஒரு முளை நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அந்த மடத்துக்குப் போன் போட்டா எடுப்பாங்களா?"

"மாமா, அது பார்லி. நெல்லுல செய்ய மாட்டாங்க."

"செய்ய வேணாம்ப்பா." அப்பா முகத்தில் சிரிப்பே இல்லை. "எவ்வளவு ஈரம் வரைக்கும் எடுப்பாங்கன்னு மட்டும் கேளு."