மஞ்சள் தலைக்கவசப் படம்

அன்புள்ள அப்பா,

நலமா? முழங்கால் வலி தேவலையா? இங்கே ஆல்பர்ட்டாவில் குளிர் கடுமை. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

சென்ற வாரம் ஒன்று நடந்தது, கவலைப்பட வேண்டாம். உயரத்தில் வேலை செய்யப்போகும் புதியவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மேலாளர் கர்டிஸ் இணையத்திலிருந்து எடுத்துப் பாடத்தில் சேர்த்திருந்த படம் திரையில் வந்தது. சரிந்த கட்டடச் சாரம், அதனடியில் மஞ்சள் தலைக்கவசம். பின்வரிசையில் லாய்ட் என்பவர் எழுந்தார்.

“அந்தப் படத்த நான்தான் எடுத்தேன். விபத்த விசாரிக்க வந்த ஆய்வாளருக்குக் காட்டணும்னு எடுத்தது. அது அங்க செத்துப்போன என் தம்பியோட கவசம். யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

வகுப்பை நிறுத்திவிட்டேன். கர்டிஸிடம் சொன்னால், “பாடத்துக்குத்தானே? யாரு கேஸ் போடப்போறா, விடு” என்றார்.

“படம் எடுத்தவருக்குத்தான் சொந்தம் சார். அவர் சம்மதிக்காம நான் இதை நடத்தமாட்டேன்.”

இதுவரை அவரை எதிர்த்துப் பேசியதில்லை. படத்தை நீக்கிவிட்டு லாய்டிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் அவரே வந்தார்.

“போட்டுக்கங்க. ஆனா கீழ ‘வேட் பார்டி’னு அவன் பேரு இருக்கணும். பாக்கிறவங்களுக்கு அது வெறும் தொப்பியா தெரியக்கூடாது.”

சம்மதத்தை எழுதியும் கொடுத்தார். இன்று வகுப்பில் அந்தப் பெயரை உரக்கப் படித்தேன். எல்லோரும் தங்கள் பாதுகாப்பு இடுப்புவாரை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

என் தடித்த காலுறைகளையும் கொஞ்சம் உப்புமீனையும் அனுப்புங்கள். நீங்கள் படகில் நிற்கும் படம் ஒன்றும் வையுங்கள். அறைச் சுவர் வெறுமையாக இருக்கிறது. பேருந்து வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
நொரீன்