வளைவில் ஒட்டிய கரப்பான்

இரும்பையே இணங்க வைக்கும் என் வெல்டர் அம்மாவுக்கு, எதற்கும் இணங்காத மகள் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். அப்பா பாதி நலம், காரணம் கீழே. ஐந்து நாளாகப் போனை அணைத்து வைத்திருக்கிறாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

உன் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் குழாய் விரிசல் விட்டுத் தீப்பிடித்ததற்கு உன் வெல்டிங்தான் காரணம் என்று, வெள்ளிக்கிழமை தலைமை அலுவலக விசாரணையில் கையெழுத்துப் போடப் போகிறாயாம். அதற்காக ஊரைவிட்டுக் கிளம்பும்போது அப்பாவிடம், "என் கைதான் தடுமாறியிருக்கும்" என்றாயே, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. அந்தக் கையா தடுமாறும்? என் முதுகில் விழும்போதுகூட அது குறி தப்பியதில்லை.

இனி அப்பா கதை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கரப்பானின் வயிற்றில் ஒட்டினேன். குளியலறையில் துண்டு போட நீ ஒரு ஸ்டீல் கம்பி மாட்டினாயே, தொழிற்சாலையின் ஹைட்ரஜன் லைனுக்கு வளைத்த குழாயில் மிஞ்சியது, அதில் கரப்பானை வைத்தேன். நேரான இடத்தில் நிற்காமல் விழுந்தது. வளைவில் வைத்தால் கப்பென்று பிடித்துக்கொண்டது. அப்பா போட்ட அலறலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அலறி முடித்த பிறகுதான் அப்பா, "இது துருப்பிடிக்காத ஸ்டீலாச்சே, இதுல காந்தம் ஒட்டவே கூடாதேடி" என்றார்.

மறுநாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கரப்பானோடு உன் தொழிற்சாலைக்குப் போனேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. சோதனைக்கூட அக்கா உடைந்த குழாயைக் காட்டினார். விரிசல் உன் ஜாயின்ட்டில் இல்லையம்மா. நாலு விரல் தள்ளி, வளைவில். கரப்பானும் அங்கேதான் ஒட்டியது.

சூடாக்காமல் வளைத்தால் வளைந்த இடத்தில் மட்டும் ஸ்டீலின் உள்ளமைப்பு மாறிவிடுமாம். காந்தம் ஒட்டுவது அதற்கு அடையாளம். அங்கே ஹைட்ரஜன் புகுந்தால், வளைந்து கொடுக்கிற ஸ்டீல் கண்ணாடி மாதிரி உடையுமாம். வளைத்த பிறகு உலையில் காய்ச்சி எடுத்திருந்தால் இந்த வினை இல்லை. அந்த மாதம் உலை பழுது. மேலாளர், "அப்படியே மாட்டுங்கப்பா, ஸ்டீலுக்கு என்ன ஜுரமா?" என்று அனுப்பிவிட்டாராம். உன்னிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மேலாளர் வந்துவிட்டார். விசாரணையில் கரப்பான் வந்து சாட்சி சொல்லுமா என்று கேட்டார். "சொல்லாது சார், ஆனா அது ஒட்டுற அளவுக்குக்கூட உங்க கதை ஒட்டலையே" என்றேன். வெளியே போகச் சொன்னார். போனேன், அவர் பூட்டி வைக்கச் சொன்ன சோதனை அறிக்கையின் நகலோடு. அக்காவே கையெழுத்திட்டுக் கொடுத்தார். "வேலை போனா போகட்டும், உங்கம்மா பேரு போகக் கூடாது" என்றார். இதோடு வைத்திருக்கிறேன்.

அந்தத் தீயில் கை வெந்த உன் உதவியாளர் அண்ணனையும் மருத்துவமனையில் பார்த்தேன். கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம். உன்மேல் கோபம்தான். "உங்கம்மா ஏன் என்னைப் பாக்க வரல? அவங்க தப்புன்னு நான் சொன்னேனா?" என்றார். நீ ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அதே மாதிரி வளைத்த குழாய்கள் இன்னும் ஆறு அந்த லைனில் இருக்கின்றன. தப்பு உன்னுடையது என்று நீ எழுதிவிட்டால், அவற்றை ஒருவரும் கழற்ற மாட்டார்கள். நாளைக்கு வேறொருவர் கை வேகும். பழியைச் சுமப்பது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு அதைச் செய்துவிடாதே.

அறிக்கையை அவர்கள் முன்னால் போடு. கையெழுத்தை மட்டும் போடாதே. முடித்துவிட்டு வீட்டுக்கு வராதே, நேராக மருத்துவமனைக்கு வா. வாசலில் நிற்பேன். உள்ளே இருவருமாகப் போகலாம்.

உன் கை நன்றாக இருக்கட்டும், அம்மா.

இப்படிக்கு,
உன் வாயாடி