சுண்டைப்பாறைப் பள்ளத்துச் சின்னான் கூடு

அனுப்புநர்:
கா. மைதீன் பிச்சை, வயது 71,
தோல் தரம் பிரிப்பவர் (ஓய்வு),
பாறையடித் தெரு, பல்லாவரம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்.

பொருள்: குடிநீர்த் தொட்டிப் பாதைக்காக 21.07.2025 திங்களன்று சுண்டைப்பாறைப் பள்ளத்தில் வைக்கவிருக்கும் வெடியை நிறுத்தி, பறவைக் கணக்கெடுப்பைக் காலையில் மீண்டும் நடத்தக் கோருதல்.

பார்வை: எனது மனு, நாள் 02.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவுக்குப் பின்னாலுள்ள சுண்டைப்பாறைக் குன்றில், இரண்டு பாறைகளுக்கு நடுவே முட்புதர் அடர்ந்த பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கே மஞ்சள்தொண்டைச் சின்னான் ஒரு ஜோடி வாழ்கிறது. தென்னிந்தியாவின் வறண்ட பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பாட்டுப் பறவை அது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் முப்பத்தைந்து வருடம் தோலின் நிறம் பார்த்துத் தரம் பிரித்தவன். ஆறு வருடமாக இப்பறவையைப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன்.

2. இது விடிந்ததிலிருந்து எட்டு மணி வரைதான் வெளியே வந்து பாடும், வெயில் ஏறினால் புதருக்குள் ஒடுங்கிவிடும், எந்த நாள் காலையில் வந்தாலும் இடத்தைக் காட்டுகிறேன் என்று முந்தைய மனுவில் எழுதியிருந்தேன். வெள்ளி நண்பகல் மட்டும் இயலாது என்பதை அடிக்கோடிட்டிருந்தேன்.

3. ஒப்பந்ததாரர் அமர்த்திய கணக்கெடுப்புக் குழு வந்தது 11.07.2025 வெள்ளிக்கிழமை, பகல் 12.50க்கு. நான் ஜும்மா தொழுகையில் இருந்தேன், கைப்பேசியை அணைத்திருந்தேன். வெளியே வந்து பார்த்தால் மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் குன்றுக்கு ஓடினேன். குழு இறங்கிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் ஷ்யாம்சுந்தர், "ஃபோன் பண்ணா எடுக்க மாட்றீங்க. சின்னான்தானே சார், சென்னை ஃபுல்லா இருக்கு" என்றார். பொக்லைன் ஓட்டுபவர், "இன்னா பாய், குருவிக்குப் பட்டா வாங்கித் தரணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததற்காக இந்த மனு அல்ல.

4. வார்டு அலுவலகப் பலகையில் நேற்று ஒட்டப்பட்ட அறிக்கை, "மனுதாரர் நேரில் வரவில்லை, அரிய பறவை எதுவும் இல்லை" என்கிறது. அதிலுள்ள படம் வாலடியில் சிவப்புள்ள சாதாரணச் சின்னானுடையது. அது எங்கள் முருங்கை மரத்திலும் உட்காரும். நான் எழுதிய பறவைக்குத் தொண்டையும் வாலடியும் மஞ்சள், வால் நுனி வெள்ளை. அது பாறையை விட்டு வராது.

5. கூடு பாறை இடுக்கில் இருக்கிறது. வெடிக்குழிக்காகச் சுண்ணாம்பால் குறித்த இடத்திலிருந்து பதினோரு அடி. 17ஆம் தேதி இரண்டு குஞ்சுகள் வெளிவந்தன. இறகு முளைத்துப் பறக்கப் பதினைந்து நாளாவது ஆகும்.

6. தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகள் நஃபீசா தினமும் கேன் தண்ணீரை இரண்டு மாடி தூக்குகிறாள். இந்த மனுவில் கையெழுத்திட மறுத்துவிட்டாள். தெருவிலும் ஒருவரும் போடவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. என் கையெழுத்து ஒன்று போதாது என்று விதி ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்.

7. ஆகவே, வெடியை 05.08.2025 வரை நிறுத்தி, தங்கள் துறை அலுவலர் ஒருவரைக் காலை ஆறு மணிக்கு அனுப்ப வேண்டுகிறேன். அவர் பார்த்துவிட்டு இல்லை என்றால் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்கிறேன். யாரும் வராவிட்டால், திங்கள் காலை கூட்டுக்குக் கீழேயுள்ள பாறையில் உட்கார்ந்திருப்பேன். இது மிரட்டல் அல்ல, தகவல். வெடிக்கு முன் பள்ளத்தில் ஆள் இல்லை என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தாளில் கையெழுத்திடப் போகிறவரின் பெயரை முன்கூட்டியே எனக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பல்லாவரம்
நாள்: 19.07.2025

இப்படிக்கு,
கா. மைதீன் பிச்சை
(கையொப்பம்)