கதவுக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 9

பட்டறையைக் கூட்டினேன். கூட்டி என்ன, வேலை நடந்தால்தானே குப்பை. அவர் போனதிலிருந்து ஒரு சீவல் கீழே விழவில்லை. பழக்கதோஷம், துடைப்பத்தை எடுத்துவிட்டேன்.

மத்தியானம் நகக்காரர் வந்தார். அந்தப் பெயரை வைத்தது என் வீட்டுக்காரர்தான். கிடார் வாசிக்கிறவர், வலது கை நகங்களை வளர்த்துக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார். கதவைக்கூட இடது கையால்தான் தள்ளுவார். துக்கம் விசாரித்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கேட்கக் கூசுகிறார் என்று தெரிந்தது. அவர் சொல்லிவைத்த ஃபிளமெங்கோ கிடார், ஸ்பெயின் நாட்டு ஆட்டத்துக்கு வாசிக்கிறது, இன்னும் மரமாகத்தான் கிடக்கிறது. நாங்கள் செய்து தருவோமா, அவர் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் உள்ளேயிருந்து, "செஞ்சு தர்றோம்" என்று சொல்லிவிட்டான்.

யாரைக் கேட்டுச் சொன்னான்?

பிப்ரவரி 10

கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எனக்குக் கை இருக்கு அண்ணி, காது இல்ல. காது உங்ககிட்டதான் இருக்கு. இந்த ஒண்ணைச் செய்ய முடியலைன்னா பட்டறையைப் பூட்டிட்டு நான் கதவு ஜன்னல் வேலைக்குப் போயிடறேன்."

மிரட்டலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

எங்கள் வீட்டில் மரம் பார்ப்பது இரண்டு பேர் வேலை. அவர் பட்டறையில் நின்று பலகையை ஒரு மூலையில் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுவார். நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பேன். பிடித்தால் 'ம்'. பிடிக்காவிட்டால் 'ம்ஹும்'. எந்தப் பலகை, எங்கே வாங்கியது, பார்க்க எப்படி இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியக்கூடாது. தொடுகிற கைக்கும் பார்க்கிற கண்ணுக்கும் ஆசை வந்துவிடுமாம். "காதைத் தனிக்குடித்தனம் வச்சிருக்கேன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்பேன்.

இப்போது கதவைச் சாத்தினால் அந்தப் பக்கம் அவர் இருக்கிற மாதிரியே இருக்கும். எப்படி உட்காருவேன்?

பிப்ரவரி 13

உட்கார்ந்தேன். கொழுந்தன் தட்டினான். ஒரே ஒரு தட்டுதான். அன்றைக்கு அவரை வைத்துப் பெட்டியை மூடி ஆணி அடித்தார்களே, அந்தச் சத்தம். எழுந்து கொல்லைக்கு ஓடிவிட்டேன்.

பின்னாலேயே வந்து, "அவ்வளவு மோசமான பலகையா அண்ணி?" என்று கேட்டான். பாவம், நிஜமாகவே கேட்டான்.

பிப்ரவரி 14

படுத்தே கிடந்தேன்.

பிப்ரவரி 19

ஒரு வழி கண்டுபிடித்தேன். தட்டுவதற்கு முன்னால் "தட்டப்போறேன்" என்று சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தட்டினால் அது ஆணிச் சத்தமாக விழவில்லை. கிடாரின் முகத்துக்கு ஸ்ப்ரூஸ் பலகை இன்று முடிவாயிற்று. நான்கைந்துக்கு ம்ஹும், ஒன்றுக்கு ம். தட்டினவன் அவன், களைத்தது நான்.

இனி விலாவும் முதுகும். அதற்கு வெள்ளை சைப்ரஸ்தான். கொழுந்தனுக்கு ஈட்டி மரத்தில் போட ஆசை, பளபளவென்று இருக்குமாம். நகக்காரரிடம் கேட்டதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "நான் ஆடுறவங்களுக்கு வாசிக்கிறவன்மா. அவங்க கால் வைக்கிறப்போ என் சத்தம் நடுவுல நிக்கக் கூடாது. தொட்டா சுள்ளுன்னு திட்டணும், திட்டிட்டு உடனே வாயை மூடிக்கணும்."

என் வீட்டுக்காரரும் அப்படித்தான். கத்துவார். கத்தின வாயாலேயே தண்ணீர் கேட்பார். நான்தான் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

அவர் இந்தக் கிடாருக்கென்றே இரண்டு தடிப்பலகை பரணில் காயப் போட்டிருந்தார். நகக்காரரை ஏணியில் ஏற்றிக் காட்டினது எனக்கே ஞாபகம் இருக்கிறது. நாளை இறக்க வேண்டும்.

பிப்ரவரி 20

பரணில் பலகை இல்லை.

மூலையில் குட்டைக் குட்டையாகச் சில துண்டுகள் மட்டும் கிடந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தேன். காரமும் குளிர்ச்சியுமாக ஒரு வாசம். இதை எங்கேயோ— எங்கேயோ என்ன எங்கேயோ, கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கக் குனிந்தேனே, அப்போது மூக்கில் ஏறின வாசம்.

பெட்டி செய்தது கொழுந்தன். ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டேன், இதையா அறுத்தே? அவன் பதிலுக்குக் கேட்டது இதுதான்:

"அண்ணனைக் கடைப் பலகையில வச்சு அனுப்பச் சொல்றீங்களா அண்ணி?"

அவர் இருந்திருந்தால் கூரை பறக்கக் கத்தியிருப்பார். வருஷக்கணக்காகக் காய்ந்த மரத்தை மண்ணுக்குள் வைக்கிறாயே முட்டாளே என்று. நானும் கத்தினேன். கத்திவிட்டு அந்தத் துண்டுகளை எல்லாம் எடுத்துவந்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பிப்ரவரி 21

அவனோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தேன். சாப்பிட்டான்.

பிப்ரவரி 26

நகக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்கிறான் கொழுந்தன். வேறு சைப்ரஸ் வாங்கி அதுதான் இது என்று கொடுத்துவிடலாமாம். அவருக்கு என்ன தெரியப் போகிறது என்கிறான். தெரியாதுதான். எனக்குத் தெரியுமே. என் வீட்டுக்காரர் எடுத்து வைத்தது என்று நம்பி அந்த மனுஷர் ஆயுசு முழுக்க அதைக் கட்டிக்கொண்டு வாசிப்பாரே.

மார்ச் 1

சொல்லிவிட்டேன். உங்கள் மரம் அவரோடு போய்விட்டது என்றேன். மீதியைக் கொழுந்தன் சொன்னான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நகக்காரர் ரொம்ப நேரம் தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு கேட்டார்: "மிச்சம் இருக்கா?"

இருக்கு என்று கொழுந்தன் சொல்லிவிட்டான். விலாவுக்கு நீளம் போதாது, முதுகுக்கு மட்டும் ஆகும். எனக்குச் சுருக்கென்றது. கட்டிலுக்கு அடியில் இருப்பது என்னுடையது. அதைக் கொடுக்க மாட்டேன். கொடுக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்து என்ன செய்யப்போகிறேன்?

இதுவும் இருக்கட்டும், கடையிலும் பாருங்கள், எது நல்லதோ அதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மறதியில் வலது கையால் கதவைத் தள்ளினார்.

மார்ச் 4

நானும் மரக்கடைக்குப் போனேன். சைப்ரஸ் என்றதும், "வேலிக்கா, கதவுக்கா?" என்றார் கடைக்காரர். கிடாருக்கு என்றதும் கொழுந்தனை ஏற இறங்கப் பார்த்தார். இருந்ததெல்லாம் ஈரம். கடைசியில் பின்பக்கம் ஒரு சைப்ரஸ் உத்தரம் கிடந்தது, பழைய வீடு ஒன்றை இடித்தபோது வந்ததாம். ஆணி ஓட்டையும் கரியுமாக. கொழுந்தன் ஓரத்தைச் சீவினான், உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் தட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆசை வந்துவிடும்.

மார்ச் 9

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தேன்; அதையும் கடை உத்தரத்தையும் ஒரே கனத்துக்கு அறுத்து இழைத்து வைத்திருந்தான். எது முதலில் என்று சொல்லாதே என்றேன். கதவைச் சாத்தினேன்.

"தட்டப்போறேன்."

முதல் பலகை. என்ன சொல்ல— அப்படி ஒரு சத்தம். மணி மாதிரி இழுத்தது. அடங்கும் என்று பார்க்கிறேன், அடங்கவில்லை. இன்னொரு தடவை தட்டச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டாவது, டக். வந்தது, போயிற்று. திட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

நெஞ்சு முதலாவதைக் கேட்கிறது. ஆனால் அந்த மனுஷர் கேட்டது அது இல்லையே. வாயை மூடிக்கொள்கிற கிடார் அல்லவா கேட்டார்.

ரெண்டாவது என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பலகையைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு, "அண்ணி, இன்னொரு தடவை கேக்கறீங்களா?" என்றான். குரலிலேயே தெரிந்துவிட்டது முதலாவது எது என்று.

"கேட்டாச்சு தம்பி" என்றேன்.

கதவைத் திறந்தபோது அந்தத் துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அடிமரத்துப் பக்கம், எடை ஜாஸ்தி, அதான் இழுக்குது என்று யாருக்கோ சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னான். அவர் போன பிறகு அவன் அழுது இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மார்ச் 10

பகலிலேயே தூங்கிவிட்டேன். எழுந்தபோது பட்டறையில் இழைப்புளிச் சத்தம்.

மே 28

நகக்காரர் கிடாரை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் வாசித்தார், நடுநடுவே நகத்தால் அதன் முகத்தில் தட்டிக்கொண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அது வெடுக் வெடுக்கென்று பதில் சொன்னது. எது யாருடைய பலகை என்று அவர் கேட்கவில்லை. "நல்லாத் திட்டுதும்மா" என்றார்.

ஜூன் 15

கட்டிலுக்கு அடியில் மிச்சம் கிடந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். கொழுந்தன் ஒரு முக்காலி செய்துவிட்டான். கதவுக்கு இந்தப் பக்கம் போட்டு வைத்திருக்கிறேன். உட்கார்ந்தால் அந்த வாசம் லேசாக வருகிறது.

யாரோ புதிதாக ஒரு கிடார் சொல்லியிருக்கிறார்களாம். இன்றைக்கு மூன்று பலகை தட்டினான். "தட்டப்போறேன்" என்று சொல்ல மறந்துவிட்டான், நானும் கவனிக்கவில்லை. மூன்றுக்கும் ம்ஹும். முணுமுணுத்துக்கொண்டே நாலாவதைத் தேடப் போனான், அண்ணன் மாதிரியே.