பேட்டரி நன்றாகத்தான் இருந்தது

உன் வாக்கி டாக்கி முந்தாநாள் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. உங்கள் தீயணைப்பு நிலையத்திலிருந்து பழைய செட்டுகளையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்துப் புதிதாக அலைவரிசை பிரிக்கப்போகிறார்கள். அதற்கு முன் எல்லா செட்டையும் நான் சோதித்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். சாக்கை அவிழ்த்ததும் யூகலிப்டஸ் தைல வாடை. எனக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை. சீசன் முழுக்கச் சாரலில் நின்று மூக்கடைத்துப்போய், அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே திரிந்த ஆள் நீ ஒருவன்தான். இரண்டு வருஷமாக அலமாரியில் அடைந்து கிடந்தும் அந்த ரெக்சின் உறை வாடையை விடவில்லை. ‘பேட்டரி பழுது’ என்று எழுதிய அட்டை ஒன்று அதில் தொங்கியது. அந்த அட்டையை நம்பி இத்தனை நாளும் யாரும் அதைத் தொடவில்லை போலிருக்கிறது.

பேட்டரியைக் கழற்றிப் பின்புறம் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் உன் கோழிக் கிறுக்கலில் ‘புதுசு’ என்று எழுதி, மாட்டிய தேதியும் போட்டிருந்தாய். அருவியில் நெரிசல் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் முந்தைய தேதி. சார்ஜ் போட்டு நேற்று முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது. ஏலே, விசாரணையில் நீ என்ன எழுதிக்கொடுத்தாய்? ‘பழைய பேட்டரியை மாற்றாமல் விட்டது என் கவனக்குறைவு’ என்றுதானே? கீழே கையெழுத்தும் போட்டாயே. இந்தப் பிளாஸ்திரியை நம்புவதா, அந்தக் கையெழுத்தை நம்புவதா? உன்னிடமே கேட்டுவிடலாம் என்றால் நீ போய் ஒரு வருஷமாகிறது. வேறு வழி தெரியாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் பழகியதே சண்டையில்தான். தென்காசி தனி மாவட்டமானதும், திருநெல்வேலியோடு சேர்ந்து கிடந்த வயர்லெஸ் சேனல்களை நமக்கென்று பிரிக்க வேண்டியிருந்தது. போலீஸ் வயர்லெஸ் பக்கத்திலிருந்து என்னைப் போட்டார்கள், தீயணைப்பிலிருந்து நீ வந்தாய். முதல் நாளே என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திரு என்றதற்கு, அலைவரிசைக்கு வாங்குவது மாதிரி நாற்காலிக்கும் டெல்லியிலிருந்து லைசென்ஸ் வாங்கியிருக்கிறாயா என்று கேட்டாய். அண்ணன்மார் மூன்று பேரும் துபாய்க்குப் போய்விட, தண்ணீரையும் தீயையும் விட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஊரிலேயே தங்கிவிட்டவன் நீ. எனக்கோ வரைபடத்தையும் பென்சிலையும் விட்டால் ஒன்றும் தெரியாது. இதுவரைக்கும் சரிதான், பொருத்தமான ஜோடி.

கிடைத்ததோ சில அலைவரிசைகள். கேட்டவர்களோ போலீஸ், தீயணைப்பு, வனத்துறை, ஆம்புலன்ஸ் என்று வரிசையாக நின்றார்கள். ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேச முடியாது. ஆனால் நடுவில் மலை இருந்தால், அந்தப் பக்கம் கேரளத்தில் ஓடுகிற அலைவரிசையையே இந்தப் பக்கமும் பயன்படுத்தலாம் என்பது பொதுவான கணிப்பு. குற்றாலத்து அருவிகளுக்கு நான் அப்படித்தான் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன். வரைபடத்தில் மலையைச் சுற்றிப் பென்சிலால் தடியாக ஒரு கோடு போட்டு, இது சுவர், இதைத் தாண்டி ஒரு ஈ கூட வராது என்றேன். நீ அந்தப் பென்சில் கோட்டின்மேல் விரலை வைத்தாய்.

“மலை செவருதாம்லே, நான் இல்லேங்கல. ஆனா செவத்துல வாசல் இருக்குல்லா. சாரல் வார வழியில சத்தம் மட்டும் வராதோ?”

செங்கோட்டைக் கணவாயைச் சொன்னாய். குத்துக்கல்வலசையில் வீடு கட்டியபோது, அந்தக் கணவாய்க் காற்று வர வேண்டும் என்பதற்காகவே மேற்கு ஜன்னலைப் பெரிதாக வைத்தவன் நான். காற்றுக்கு ஜன்னல் வைக்கத் தெரிந்தவனுக்கு வரைபடத்தில் அது மறந்துவிட்டது. வெளியூர்க்காரன் இந்தத் தப்பைச் செய்தால் மன்னிக்கலாம். நான் அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தேன், அதுதான் வெட்கமாக இருக்கிறது.

முதல் சீசனிலேயே வாசல் திறந்துகொண்டது. நம் சேனலில் மலையாளம் கேட்க ஆரம்பித்தது. ஐந்தருவியில் நின்ற காவலர் பாதையை அடைக்கலாமா என்று கேட்க, மலைக்கு அப்பால் யாரோ தங்கள் ஆளுக்கு ‘சரி, சரி’ என்று சொல்ல, இவர் கயிற்றைக் கட்டிப் பாதையை அடைத்துவிட்டார். குளிக்க வந்த கூட்டம் ஒரு மணி நேரம் அவரைத் திட்டித் தீர்த்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு மானம் போய்விட்டது. அடுத்த வாரமே எல்லா செட்டிலும் டோன் போட்டுக் கொடுத்தேன். டோன் என்பது பேச்சோடு சேர்ந்து போகும், காதுக்குக் கேட்காத ஒரு மெல்லிய ஒலி. நம் ஆள் பேசினால் அந்த ஒலி வரும், ஸ்பீக்கர் திறக்கும். வேற்றாள் பேசினால் ஒலி வராது, செட் ஊமையாக இருக்கும். மலையாளம் அன்றோடு நின்றது. ஆளாளுக்கு என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

நீ மட்டும் தட்டவில்லை. பழைய குற்றாலம் போகிற வழியில் ஒரு டீக்கடையில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாய்.

“பூன கண்ண மூடிக்கிட்டா பூலோகம் இருண்டு போச்சாம். அவன் பேசிக்கிட்டுதாம்லே இருக்கான். நமக்குத்தான் கேக்கல.”

அந்தப் பக்கம் பெரிய கம்பத்திலிருந்து ஓங்கிப் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் அருவிக்கடியில் ஒரு சின்னக் கைசெட். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஓங்கியதுதான் உள்ளே நுழையும், நம் ஆள் குரல் அதற்கடியில் நசுங்கும், டோனும் சேர்ந்து நசுங்குவதால் ஸ்பீக்கரும் திறக்காது. கூப்பிட்டவன் கூப்பிட்டேன் என்பான், கேட்க வேண்டியவன் சத்தமே இல்லை என்பான். இதையெல்லாம் நீ எனக்கு விளக்கினாய். வயர்லெஸ் படித்தவனுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவன் பாடம் எடுப்பதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன் ஹோஸ் பைப்பைப் பார் என்று சொல்லிவிட்டேன். நீ விடவில்லை. அருவிகளுக்கு யாரோடும் பங்கு போடாத தனி அலைவரிசை வேண்டும் என்று எழுத்திலேயே கொடுத்தாய். அந்தத் தாளின் ஓரத்தில் நான் எழுதியது ஒரே சொல்: தேவையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடி மாதம். பேரருவியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நீ அருவியடியில் நின்றாய். அருவிக்கரையிலிருந்த கண்ட்ரோல் அறையில் அன்று நானே உட்கார்ந்திருந்தேன். மேலே மலையில் மழை பிடித்துத் தண்ணீர் நிறம் மாறியதை நீதான் முதலில் பார்த்தாய். ஆட்களை வெளியேற்றச் சொல்லி மைக்கில் அறிவிக்க வேண்டியது என் வேலை. உன் குரல் எனக்கு வரவில்லை. நீ விசிலை ஊதிக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்து, ஆட்களை இழுத்து வெளியே தள்ளினாய். யாரும் சாகவில்லை. கடையத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மாள் நெரிசலில் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இன்றைக்கும் ஊன்றுகோல் இல்லாமல் அவரால் நடக்க முடியாது.

ஏன் அறிவிப்பு வரவில்லை என்று விசாரணை வைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன்னை முதலில் கூப்பிட்டார்கள். நீ உள்ளே போய்ப் பேட்டரி என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாய். அதைக் கேட்டதும் எனக்கு எப்படியிருந்தது என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அப்பாடா என்றிருந்தது. உனக்கு மெமோ கொடுத்தார்கள், குற்றாலத்திலிருந்து மாற்றினார்கள், உனக்கு வர வேண்டிய பதவி உயர்வு உனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போனது. நான் உன்னிடம் வந்து, பேட்டரியைப் பார்த்து வைக்கக் கூடாதா என்று வேறு கேட்டேன். நீ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “சண்டையப் பொறவு வச்சுக்கிடுவோம்லே. டீயக் குடி.”

அந்தப் ‘பொறவு’ வரவே இல்லை. வேலைக்குக் கிளம்பியவன் வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். உன் குழியில் எல்லாரையும் போல நானும் மூன்று கை மண் போட்டேன். கை உதறும்போதுகூடப் பேட்டரி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பினேனா? அங்கேதான் எனக்குக் குழப்பம்.

இன்று மதியம் பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி என்னை உள்ளே வரச்சொல்லி உட்காரவைத்தது. நாளைக்குச் செங்கோட்டையில் இரண்டு மாநிலத்தாரும் கூடுகிறார்கள், குற்றாலத்துக்குத் தனி அலைவரிசை வேண்டுமா, பழையபடி பங்கு போட்டால் போதுமா என்று என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். வேண்டும் என்றால் காரணம் காட்ட வேண்டும். காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதைத் திறந்தால் உன் மேல் இருக்கும் கவனக்குறைவுப் பழி போகும், ஆனால் பொய் எழுதிக்கொடுத்தவன் என்ற பழி வரும். உன் மகளுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்ட மனு இன்னும் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எது அதைக் கெடுக்கும், எது காப்பாற்றும் என்று எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் கொட்டிவிட்டுப் பேட்டரியை டீபாய்மேல் வைத்தேன். தங்கச்சி பிளாஸ்திரி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அவுக இதப் பத்தி ஒரே ஒரு வாட்டிதான் பேசுனாகண்ணே. ‘அவனுக்குத் தெரியும். நான் சொன்னா சண்ட ஆயிரும், அவனே சொன்னாத்தான் சரி’ன்னாக. நீங்க எப்பமாச்சும் வருவியன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தாக.”

மனு என்ன ஆகும் என்று கேட்டேன். அது எழுந்து போய் டீ கொண்டுவந்து வைத்தது.

நீ ஏன் அப்படி எழுதினாய்? என்னைக் காப்பாற்றவா? அப்படியென்றால் கேட்காமல் ஏன் காப்பாற்றினாய், அது என்ன நட்பு? இல்லை, டோன்தான் குற்றவாளி என்று சொன்னால் குற்றாலத்துக்குக் கொடுத்த அந்த ஒரு சேனலையும் பிடுங்கிவிடுவார்கள், அடுத்த சீசனில் ஒன்றுமில்லாமல் நிற்க வேண்டும் என்று பயந்தாயா? இல்லை, என்னைச் சும்மா விட்டுவிட்டு, நானே உள்ளுக்குள் வெந்து சாகட்டும் என்று நினைத்தாயா? உன்னிடம் அந்தக் குறும்பும் உண்டு. ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்க்கிறேன். எல்லாமே நீ செய்யக்கூடியவைதான். எது என்று பிடிபடவில்லை.

‘அவனுக்குத் தெரியும்’ என்றாயாமே. அது உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய புதிர். ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட. அன்று கண்ட்ரோல் மேசையில் செட் ஊமையாக இருந்தது, ஆனால் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சேனலில் யாரோ பேசுகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். டோனை மீறிக் கேட்க ஒரு சின்னப் பொத்தான் உண்டு. நான் அதை ஒரு தடவை அழுத்தினேன். மலையாளத்தில் ஒருவர் லாரி கவிழ்ந்ததைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விட்ட இடைவெளியில், அடியிலிருந்து, நசுங்கிப்போய் இன்னொரு குரல். ஒரு சொல்லும் புரியவில்லை. அவர்கள் பக்கத்து ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா? நான் சுத்தம் செய்து கொடுத்த சேனலில் அப்படி ஒரு குரல் இருக்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் வெளியே ஜனங்கள் ஓடுவது கேட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நீ போகும்வரை ஒரு வருஷம் உன்னோடு டீ குடித்திருக்கிறேன், லே.

நாளைக்கான படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. ‘தனி அலைவரிசை தேவையா’ என்ற இடத்தில், தேவை என்று எழுதிவிட்டேன். காரணத்தில், பேட்டரி நன்றாக இருந்தது, சோதித்துப் பார்த்தேன் என்று எழுதிவிட்டேன். என் வேலைக்கு என்ன வரும், உன் மகளின் மனுவுக்கு என்ன வரும், ஒன்றும் தெரியாமல்தான் எழுதினேன். நீ எழுதிக்கொடுத்ததை நான் வெட்டுகிறேனா, நீ காத்திருந்ததை நான் செய்கிறேனா, அதுவும் தெரியவில்லை. இனி நீ சொல்லப்போவதுமில்லை. இந்தக் குழப்பம் என்னோடுதான் இருக்கும்.

‘இதுவரை தவறிய அழைப்புகள்’ என்று அடுத்து ஒரு கட்டம். ஒன்று என்று போட்டேன். ‘அழைத்தவர்’ என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். ‘கேட்டவர்’ என்று அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. தவறிய அழைப்புக்குக் கேட்டவர் எப்படி இருக்க முடியும்? பேனாவால் நானே ஒரு கட்டம் போட்டு, அதில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.