நண்டு சுடாத கை

ஜனவரி 21, செவ்வாய்
கம்பனியில் அவித்த நண்டை ஆற விடாமலே உடைத்துக் கொடுத்தேன். மற்றப் பெண்கள் ஊதி ஊதி இருந்தார்கள். "உனக்கென்னடி, இரும்புக் கை" என்றா பூமணியக்கா. பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் என் புருசன் றெனால்ட் கையைப் பிடித்து, "இதென்ன கொப்புளம்?" என்று கேட்டார். சுட்டதே எனக்குத் தெரியாது! தேமல் என்று நான் விட்டிருந்த முழங்கைத் திட்டையும் பார்த்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் அவர் கடலுக்குப் போகமாட்டாராம். விசர் மனிசன்.

ஜனவரி 24
தொழுநோய். எழுதிப்போட்டன். கண்ணை மூடச் சொல்லி டொக்டர் ஜெஸீம் பஞ்சால் தொட்டார். சின்னவிரலில் தொட்டது தெரியவில்லை. ஒரு வருசம் குளிசை விழுங்க வேணும். நோய் மாறுமாம். குளிசை தொடங்கினால் ஒருத்தருக்கும் தொத்தாதாம். என்றாலும் ஊருக்கு மூச்சு விடமாட்டன்.

மார்ச் 9
திட்டு சிவந்து வீங்கி நெருப்பாக எரியுது. முழங்கையைத் தொட உயிர் போகுது. நல்லா இருந்த கையை இந்தக் குளிசைதானே தின்னுது! தவக்காலத்துக்கு எல்லாரும் இறைச்சி விடுகினம், நான் குளிசையை விட்டன். றெனால்டுக்குச் சொல்லேல்லை.

மார்ச் 20
சேலைக்கு ஊசி குத்த ஏலாமக் கிடக்கு.

மார்ச் 24
ரெண்டு விரல் மடங்கி நிக்குது. மாதாவே, கையில்லாட்டி நான் என்ன செய்வன்? ஆஸ்பத்திரிக்கு ஓடினன்.

"வீங்கினவுடனே வந்திருக்க வேணும். குளிசையை ஏன் விட்டனீங்கள்?" டொக்டருக்குச் சரியான கோபம். கிருமி கனகாலம் நரம்புக்குள் கிடந்ததாம். உடம்பின் காவல் அணுக்கள் அதைச் சும்மா விட்டிருந்தனவாம். இப்போது முழித்து அடிக்குதுகளாம். அந்த அடிதான் வீக்கம். நரம்புக்கும் சேர்த்து விழுதாம்.

"இவ்வளவு காலமும் குறட்டை விட்டதுகளுக்கு இப்பதானோ ரோசம் வந்தது?" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. வீக்கத்தை அடக்க வேறு குளிசை. பழையதையும் விடக்கூடாது.
"விரல் நிமிருமோ டொக்டர்?"
"பார்ப்பம்."
பார்ப்பம் எண்டால் என்ன?

மார்ச் 25
றெனால்டுக்குச் சொன்னேன். ஏசுவார் என்று பயந்தேன். அவர் என் விரல்களை நீவிக்கொண்டிருந்தார். ஏசியிருக்கலாம்.

ஜூலை 13
நோவில்லை. மோதிரவிரல் நிமிர்ந்துவிட்டது. சின்னவிரல் மாட்டன் எண்டு நிக்குது. அந்த ரெண்டு கிழமை! உடனே போயிருந்தால்? இனி ஆரை ஏசி என்ன.

செப்டம்பர் 12, வெள்ளி
கம்பனியில் கை கழுவும் இடத்தில் பூமணியக்கா மட்டும். "விரலுக்கு என்னடி?" நண்டு கடித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவவே சட்டைக் கையை உயர்த்தினா. சிவந்து வீங்கிய திட்டு. "எனக்கும் ஆஸ்பத்திரியில குளிசை தந்தவை. இப்பிடி வீங்கிட்டுது, முந்தநாள் நிப்பாட்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லாத."

கூசாமல் என் கையை அவவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "எனக்கும் உதுதான். நானும் விட்டனான். பாருங்கோ!"

அழுதா. நானும்தான். நாளைக்கு இரண்டு பேருக்கும் லீவு. முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போறன். அவவின்ர விரல் அஞ்சும் இன்னும் நேராத்தான் கிடக்கு.